கோடுகள் ஒதுங்கிய இடம்

"களவாணிப் பசங்க. மாட்டுனானுங்க பாரு" என்றார் மேனேஜர் தமிழழகன், கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து.

பக்கத்தில் நந்தினி நின்றிருந்தாள். அந்தப் படத்தைப் போட்டதே அவள்தான்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி கம்பெனி அது. எல்லா லாரியிலும் ஜிபிஎஸ் உண்டு. ஒரு வருஷமாக எந்த லாரி எந்த வழியில் போனது என்று மொத்தத்தையும் ஒரே படமாகப் போடச் சொல்லியிருந்தார் மேனேஜர். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வருகிற நந்தினி, முதலில் ஒரு நடைக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக வரையச் சொல்லி புரோகிராம் எழுதினாள். ஆயிரக்கணக்கான நடை. காலையில் வரைய உட்கார்ந்த கம்ப்யூட்டர், சாப்பாட்டு நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. அத்தனை கோட்டையும் ஒரே கட்டாகக் கட்டி, "இந்தா, மொத்தமா ஒரே தடவைல வரை" என்று கொடுத்துவிட்டாள். கோடுகளை நூல் மாதிரி மெல்லிசாக, ஒன்றன்மேல் ஒன்று விழ விழக் கருக்கிற மாதிரி வைத்தாள். படம் பொசுக்கென்று வந்து நின்றது.

வந்ததைப் பார்த்து அவளுக்கே முதுகு சில்லிட்டது.

தா.பழூர் போகிற ரோட்டில், முந்திரிக் காட்டை ஒட்டி ஓர் இடம். போகிற கோடெல்லாம் அங்கே வந்ததும் இந்தப் பக்கம் ஒதுங்கி, தரிசில் இறங்கி ஏறுகிறது. வருகிற கோடெல்லாம் அந்தப் பக்கம். நடுவில் ஒரு கோடுகூட விழாமல் வெள்ளையாக ஒரு காலி இடம், கண்ணு மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு. மேப்பில் அங்கே பள்ளமும் இல்லை, பாலமும் இல்லை.

"ரோட்டுல ஏதாச்சும் வேலை நடந்திருக்குமோ சார்?"

"ஒரு வருஷமாவா? தரிசுல எறக்கி டீசல உறிஞ்சி விக்கிறானுங்கம்மா. கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நாளைக்கு நேர்லயே போய்ப் பாத்துருவோம். ஒதுங்குறவனுக்கு அன்னியோட சீட்டு கிழிஞ்சுது."

மறுநாள் மத்தியானம் மதுரைவீரன் ஓட்டிய லாரியில் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். மதுரைவீரன் அதிகம் பேசாத மனுஷன். ஆனால் ஆபீஸ் பக்கம் வந்தால் "சாப்புட்டியாம்மா?" என்று நந்தினியைக் கேட்காமல் போகமாட்டார். இவராவது இன்றைக்கு நேராகப் போய்விட வேண்டுமே என்று அவள் வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டே வந்தாள்.

முந்திரிக் காடு வந்தது. உச்சி வெயில். ஒரு காக்கா குருவி சத்தம்கூட இல்லை. ரோடு வெறிச்சென்று கிடந்தது.

மதுரைவீரன் கியரைக் குறைத்தார். பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார் என்கிற நினைப்பே இல்லாதவராக, லோடு வண்டியை மெல்லத் தரிசில் இறக்கி, ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏறினார்.

"நிறுத்துய்யா."

மேனேஜர் இறங்கிப் போய் நடுரோட்டில் நின்றார். செருப்புக் காலால் தாரைத் தட்டிப் பார்த்தார்.

"இங்க என்னய்யா இருக்கு? பேயா, பிசாசா?"

மதுரைவீரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முந்திரிக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியப் பின்னாடி எடு. என் கண்ணு முன்னால இது மேலயே நேராப் போ. முடியாதுன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு."

மதுரைவீரன் இறங்கி வந்து சாவியை நீட்டினார்.

நந்தினி லாரியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். "அண்ணே, வேலை போயிரும்ணே. ஒரே ஒரு தடவை நேராப் போயிருங்களேன்."

"அது மட்டும் முடியாதும்மா."

மேனேஜர் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அப்போது முந்திரி மரத்தடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது வயசு இருக்கும். தலை சீவி, பொட்டு வைத்துப் பளிச்சென்று இருந்தாள். கையில் ஒரு சோற்றுக் கிண்ணம். மதுரைவீரனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லவேளைண்ணே, ஒதுங்கி வந்தீங்க. சொன்னா எங்க கேக்குறா? நடுரோட்டுல உக்காந்துதான் வெளையாடுவேங்குறா."

நந்தினி ரோட்டைப் பார்த்தாள். மேனேஜரைத் தவிர அங்கே ஒருத்தரும் இல்லை.

அந்தப் பெண் மேனேஜரின் காலடியை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"சார், காலை எடுங்க. புள்ள கைய மிதிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

மேனேஜர் சட்டென்று காலைத் தூக்கினார். அந்தப் பெண் தார்மேல் மண்டி போட்டு உட்கார்ந்து வெறும் காற்றைத் தடவிக் கொடுத்தாள். "ஒண்ணுமில்லடி மஞ்சு. அழுவாத. இந்தா, ஒரு வாய் வாங்கிக்க" என்று சோற்றைப் பிசைந்து நீட்டினாள்.

மதுரைவீரன் இருவரையும் லாரிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பேயும் இல்ல, டீசலும் இல்லங்க சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்த இடத்துல ஒரு லாரி அந்தப் புள்ளய அடிச்சிருச்சு. அந்தம்மா கண்ணுக்குப் புள்ள இன்னும் இங்கதான் வெளையாடிக்கிட்டு இருக்கு. அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு, புது டிரைவர் ஒருத்தன் தெரியாம நேராப் போயிட்டான். அன்னிக்கு அந்தம்மாவுக்குப் புள்ள மறுபடியும் செத்துப்போச்சுங்க. அந்தக் கத்தலைக் கேட்டதுக்கப்புறம் யாருக்கும் மனசு வரல. உங்ககிட்ட சொன்னா, ஆள வெச்சு அந்தம்மாவ இங்கேருந்து அப்புறப்படுத்திருவீங்கன்னுதான் எல்லாரும் வாய மூடிக்கிட்டோம்."

மேனேஜர் லாரி முனையிலிருந்து எட்டி ரோட்டைப் பார்த்தார். சாவியை மதுரைவீரன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அடிச்சது யாரு வண்டிய்யா?"

"தெரியலைங்க சார். அடிச்சவன் நிக்காமப் போயிட்டான். இந்த ரோட்டுல லாரி ஓட்டுற எங்கள்ல யாரோ ஒருத்தன்தான். அதான் எல்லாருமே ஒதுங்கிப் போறோம்."