பின்பக்க ஏணி

சிங்கப்பூரின் பொங்கோல் படகுத்துறையில், வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருந்த ரஞ்சன் வாடகைக்கு விடும் மிதவைப் படகைச் சுற்றிக் காட்டினான்.

"பர்த்டே பார்ட்டியா ஆன்ட்டி?"

"ஆமாப்பா, மகனுக்கு. நாளைக்கு இருபத்து மூணு வயசு," என்றார் பிலோமினா. கணவர் ஆம்ப்ரோஸ் படகின் பின்பக்கம் போய் நின்றார்.

"நல்ல போட் லா! வெயிலுக்குக் கூரை, ஸ்பீக்கர், பார்பிக்யூ அடுப்பு எல்லாம் இருக்கு."

"யாராவது தண்ணியில விழுந்துட்டா?"

"கவலையே வேணாம். பின்னாடி ஏணி பாருங்க, பிடிச்சு ஏறிடலாம்."

"பழைய ஏணியா? உறுதியா இருக்குமா?"

"புத்தம் புதுசு ஆன்ட்டி! போன வருஷம் ஒரு பையன் விழுந்துட்டானாம். அப்ப ஏணியே இல்ல. பாவம், மேல ஏற வழியில்லாம செத்துப் போயிட்டான். அதுக்கப்புறம்தான் மாட்டினாங்க."

பிலோமினா கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? ஏணி இருந்துச்சு, உங்க மகன்தான் குடிபோதையில பிடிக்கலன்னு இவங்க முதலாளி சொன்னாரே! அதை நம்பி, பிள்ளை படத்தைக்கூட வீட்டுல மாட்ட விடலையே நீங்க!"

ஆம்ப்ரோஸ் ஏணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு சின்ன ஏணிதானே, பிலோ..."