தாசனின் ஜெபம்

போதகர் வீட்டுச் சேவல் தாசன் ஜெபித்தால் ஊருக்கே கேட்கும். தொழுவத்து எருமை ரெபேக்காளோ கண்ணை மூடி, வாய் திறக்காமல் ஜெபிப்பாள்.

"இது ஜெபமாக்கா? யோகா! மனசைக் காலியா வச்சா பிசாசு குடியேறிரும்," என்று தாசன் தினமும் கொக்கரிப்பான்.

"ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும், தம்பி," என்பாள் அவள்.

ஒருநாள் பிஷப் சாப்பிட வருவதாகச் சேதி வந்தது. சமையல்காரர் கத்தியோடு சேவலைத் தேடி வந்தார். தாசன் ரெபேக்காளுக்குப் பின்னால் வைக்கோலுக்குள் புதைந்துகொண்டான். "கர்த்தாவே, காப்பாற்றும்!" என்ற கதறல் தொண்டைவரை வந்துவிட்டது. அலகை இறுக்கி அதை விழுங்கினான். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

சமையல்காரர் தேடி அலுத்து, மீன் வாங்கப் போனார்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

"ஜெபத்துலதான்க்கா இருந்தேன்," என்றான் தாசன் மெல்ல. "சபையில யார்கிட்டயும் சொல்லிராதீங்க."