வாந்தி வராத காலை

மணி ஏழு. வாந்தி வரவில்லை.

அவள் குளியலறை வாசலில் குந்தியிருந்தாள். பின்னால் சொம்புத் தண்ணீரோடு அவள் புருஷன் மரியசெல்வம். மூன்று வாரமாக அவனுக்கு விடிந்ததும் இதுதான் வேலை. முடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், முதுகைத் தடவ வேண்டும், அப்புறம்தான் பல் துலக்கவே போவான்.

"ஏட்டி, இன்னும் வரலையா?"

பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி கேட்டான்.

பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசனை. நேற்றென்றால் இதற்கே ஓடியிருப்பாள். இன்று வயிறு சும்மா கிடந்தது.

அது சும்மா கிடப்பதுதான் பயம்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை எடுத்தாள். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. நாலு கிலோ போய்விட்டது. அப்போதும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? ஒவ்வொரு வாந்தியும் பிள்ளை இருக்கிறது என்கிற சேதி.

போன தடவை ஒன்பதாவது வாரம் வாந்தி சட்டென்று நின்றது. அப்பாடா என்று படுத்துத் தூங்கினாள். மறுநாள் ஸ்கேனில் டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதனால்தான் இந்தத் தடவை மாத்திரையே வேண்டாம் என்று அடம்பிடித்தாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இது மாசமாக இருக்கிறவர்களுக்கு ரொம்ப வருஷமாகக் கொடுத்துவருகிற மாத்திரை. பிள்ளைக்குப் பயமில்லை, நீ வற்றிப்போனால்தான் கஷ்டம். எழுதினதை மட்டும் போடு, கடையில் கேட்டு வேறு எதையும் வாங்காதே.

நேற்று படுக்கும்போது போட்டாள்.

இது ஒன்பதாவது வாரம்.

விரலைத் தொண்டைக்குள் விடப்போனாள். மரியசெல்வம் கையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள்.

"மாத்திரை கேட்டிருக்கு, அவ்வளவுதான். மனசு கேக்கலைன்னா இப்பவே வாங்க, பாத்துருவோம்."

ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

ஸ்கேன் அறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வயிற்றில் ஜில்லென்று ஜெல். கருவி ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது.

டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"கண்ணைத் தொறந்து பாரும்மா."

ஒரு திராட்சை அளவுக்கு ஏதோ இருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி, என்ன அவசரமோ, படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நிற்கிற வழியாகவே தெரியவில்லை.

மரியசெல்வம் இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதான். நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர், இங்க கேன்டீன்ல பூரி கிடைக்குமா?"