பிடி

பட்டறைக்காரர் களிமண் உருண்டையில் பதிந்திருந்த விரல் தடங்களைப் பார்த்து, கத்திப் பிடியின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்தார்.

"உங்க வீட்டம்மாவுக்குக் கை பெருசு போல."

"உழைக்கிற கைங்க," என்றான் கணவன் பெருமையாக. "பிறந்தநாள் பரிசு. சும்மா அமுக்கிக் குடுன்னு உருண்டையைக் கொடுத்தேன். எதுக்குன்னு மூச்சு விடலை."

பிறந்தநாளன்று மனைவி கத்தியைப் பிடித்துப் பார்த்தாள். பிடி அவள் கைக்கு அடங்கவில்லை.

"நீங்க பிடிங்க."

அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவன் கையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அதெப்படி?"

"போன வருஷப் பரிசு குக்கர். இந்த வருஷம் என் கத்தியையே உத்துப் பார்த்துட்டிருந்தீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. நீங்க சோபாவில் குறட்டை விட்டப்போ, உங்க கைக்குள்ள வச்சுத்தான் உருண்டையை அமுக்கினேன்."

சொல்லிவிட்டு, வெங்காயக் கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.