பாஞ்சாலையின் ராசி

"இங்கயே கையெழுத்து போட்டுட்டீங்கன்னா நேரா மெட்ராஸ் கிளம்பிடலாம் சார். பதினோரு மணிக்குள்ள சபாநாயகர் ஆபீஸ்ல குடுக்கணும்" என்று அவசரப்படுத்தினான் சிலம்பரசன்.

எம்.எல்.ஏ. தட்சணாமூர்த்தி காதிலேயே வாங்கவில்லை. ஜீப்பை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மரக்காணம் உப்பளத்து வரப்பில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்றது. கடிதமும் பேனாவுமாகச் சிலம்பரசன் பின்னால் ஓடினான்.

அவன் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பதினெட்டு வருடம் அவருக்கு நிழலாக இருந்த கண்ணாயிரம் தை மாதம் காலமாகிவிட்டதால் கிடைத்த வேலை. எம்.எல்.ஏ.வைப் பற்றி அவனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. காலையில் பேப்பரைக்கூட இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டுமாம்; இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். பதவி வந்துவிட்டால் சோம்பலும் சேர்ந்தே வந்துவிடும்போல. ஆனால் சட்டசபையில் எழுந்தால் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசுவார். அதை மட்டும் அவன் ஒப்புக்கொள்வான்.

"இப்ப எதுக்கு சார் இங்க?"

"பாஞ்சாலை கையால வாங்கித்தான்யா கையெழுத்து போடணும். அவ ராசிக்காரி."

சிலம்பரசன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இத்தனைக்கும் விஷயம் சாதாரணமானது இல்லை. சுனாமி வந்து மூன்று மாதத்துக்குள் கடலோரமெல்லாம் வேன் போட்டுக்கொண்டு வந்து கடன் கொடுக்கிறது ஒரு நிதிக் கம்பெனி. கடன் பத்திரத்தை வாங்குகிறவருக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும், வாசிக்காமல் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று சட்டம் வர வேண்டும். அதுதான் எம்.எல்.ஏ. சபையில் கொண்டுவந்திருக்கும் தீர்மானம். நாளை விவாதத்துக்கு வருகிறது. "இப்பல்லாம் யாருங்க கைநாட்டு? எல்லாரும் கையெழுத்து போடுறாங்களே" என்று கம்பெனிக்காரர்கள் வந்து சிரித்தபோது, "கையெழுத்து போடுறவன்லாம் படிச்சவன்னு உனக்கு யாருய்யா சொன்னது?" என்று அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள்கூட நடுங்கிவிட்டார்கள்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பாஞ்சாலை நிமிர்ந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

"யாரு, தட்சணாண்ணனா? வழி தெரிஞ்சுதா?"

"மறக்குமா? அதே பாத்திதான இது?"

"அதேதான். எண்பத்தாறுல, பஞ்சாயத்து எலக்‌ஷனுக்கு நீ மனு குடுக்கறதுக்கு மொத நாளு. காலைல புடிச்சுப் பொழுது சாயற வரைக்கும் என்னைப் பெண்டு நிமித்திட்டியே! கட்டி வச்ச உப்பெல்லாம் பாழு. மொதலாளி ரெண்டு பேருக்கும் கூலியைப் புடிச்சுட்டான்."

"சாயந்திரம் நீ கைதட்டினியே பாஞ்சாலை, அதுக்கப்புறம் எத்தனையோ மாலை போட்டாங்க. அந்தக் கைதட்டு மாதிரி ஒண்ணும் இல்ல."

  சிலம்பரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எங்க மகளிர் குழுவுல பதினாலு பேரு மனையை அந்தக் கம்பெனிக்காரன் எழுதி வாங்கிட்டான்ண்ணே, அடுப்பு வாங்க லோன்னு சொல்லி. உன் சட்டத்தைத்தான் மலைபோல நம்பி இருக்குதுங்க."

"அதுக்குத்தான் போறேன். நாளைக்கு மொத ஆளா என்னைப் பேச விடணும்னு சபாநாயகருக்கு லெட்டர். தம்பி அடிச்சுக் கொண்டாந்திருக்கு. இந்தா, கொஞ்சம் படி."

"அவங்க எதுக்கு சார்..." சிலம்பரசன் கையை நீட்டுவதற்குள் கடிதம் பாஞ்சாலையிடம் போய்விட்டது. போகட்டும், உப்பு வாருகிற பொம்பளைக்கு என்ன தெரியப்போகிறது என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பாஞ்சாலை ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். ஒவ்வொரு சொல்லாக, தப்பில்லாமல் வாசித்தாள். "நான் கொண்டுவந்த தீர்மானத்தை... எனது சொந்த விருப்பத்தின்பேரில்... முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

எம்.எல்.ஏ. சிலம்பரசன் பக்கம் திரும்பினார்.

"டைப்பிங் மிஸ்டேக் சார்..."

"கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

சிலம்பரசன் தலையைத் தொங்கப்போட்டான். "நீங்க எதையும் பாக்காமதான சார் கையெழுத்து போடுவீங்க... அந்தத் தைரியத்துல..."

"ஜீப்புல இருக்குற உன் பையை எடுத்துக்க. மெயின் ரோட்டுல பஸ் வரும், கெளம்பு."

அவன் போகிறவரைக்கும் எம்.எல்.ஏ. அசையவில்லை. பிறகு வரப்பிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாயிரம் இருந்தான், எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவான். உன் நெனப்பு மட்டும் வரலைன்னா இன்னிக்கு நானே கையெழுத்து போட்டு பதினாலு குடும்பத்தையும் கடல்ல தள்ளியிருப்பேன் பாஞ்சாலை."

பாஞ்சாலை கடிதத்தை நான்காகக் கிழித்து இடுப்பில் செருகினாள். உப்பு வாரும் பலகையைத் திருப்பிப் பிடித்து, வெள்ளை வெளேரென்ற பாத்தியில் பெரிதாக ஒரு 'அ' போட்டாள்.

"எந்திரி எம்.எல்.ஏ.வே! அன்னிக்கு அவசரத்துல உன் பேரோட எட்டெழுத்தை மட்டும்தான கத்துக்குடுத்தேன், இன்னிக்கு மொதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."