கொஸ்தான்

“இந்தத் தடவையும் சரக்கு கப்பலுக்குள்ள அடங்காதுண்ணே,” என்றான் சிரில். “ராட்சச பாய்லர். வெளியில கட்டித்தான் இழுத்துட்டுப் போவணும்.”

ஜெரார்டின் முகம் சுருங்கியது.

பினாங்கில் சிரில் வாங்கிய விளையாட்டு அது. அவன் நிலைமையைச் சொல்வான். ஜெரார்ட் விண்வெளிக் கப்பலின் கேப்டனாகப் பேச வேண்டும். தப்பிப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. எத்தனையோ கதை இருக்க, வாராவாரம் இதே சரக்குதான்.

“விண்வெளி நிலையம் வந்துருச்சு. கொஸ்தான் போட்டு, பின்பக்கமாத்தான் ஒட்டணும். பாய்லருக்குப் பின்னால உங்க ஆளு ஒருத்தன் மிதந்துகிட்டே வழி சொல்றான்.”

ஜெரார்ட் பகடையைக் கீழே வைத்தார்.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி அகத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“போதும் தம்பி. அவரு லோரிய கொஸ்தான் எடுத்தப்ப, கெலிண்டானா பின்னால நின்னு வழி சொன்ன உன் காலு போச்சு. வேணும்னா செஞ்சாரு? அன்னையிலேருந்து ஸ்டியரிங்கத் தொடல. நான் ரப்பர் மரம் சீவித்தான் வீட்டுல உலை கொதிக்குது. சர்ச்சுப் பூசையில சமாதானம் சொல்லிக் கைகுடுத்துட்டு, இங்க வந்து புண்ணைக் கிளறுறியே, நல்லா இருக்கா?”

அவள் கேட்டதில் தப்பில்லை. சிரித்துக்கொண்டே பழிவாங்குவது அடிப்பதைவிடக் கொடுமை.

சிரில் ஜெரார்டையே பார்த்தான்.

“கொஞ்சம் லெஃப்ட்டுன்னு அவன் கத்துறான். என்ன செய்றீங்கண்ணே?”

“கண்ணாடியில ஆளு தெரியல தம்பி.”

“தெரியலன்னா?”

“நிறுத்துறேன். எறங்கிப் போய்ப் பாக்குறேன்.”

விண்வெளியில் இறங்கப் படி ஏது? சிரில் திருத்தவில்லை.

“பாருங்க. அங்கதான் இருக்கான். ஒண்ணும் ஆவல. ஏறுங்க.”

ஜெரார்ட் பகடையை எடுத்தார்.

“கொஸ்தான்,” என்று உருட்டினார்.

சரக்கு நிலையத்தோடு அலுங்காமல் ஒட்டிக்கொண்டது. ஜெரார்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று அகத்தாவுக்குத் தெரிந்தது.

“விளையாட்டுல ஓட்டி என்ன ஆவப்போவுது?” என்றாள் எரிச்சலோடு.

“கூலிம்ல புது ஃபேக்டரிக்குப் பெரிய மெசின் போவுது அண்ணி. லோரி மொதலாளி தவுக்கேகிட்ட அண்ணன் பேரச் சொன்னேன். ‘அவன் ஓட்டுனா எந்தக் கெலிண்டான் பின்னால நிப்பான்’னு கேட்டாரு.”

சிரில் ஊன்றுகோலை எடுத்துக் கக்கத்தில் கொடுத்து எழுந்தான்.

“நான் நிப்பேன்னு சொல்லிட்டேன்.”