வாசலில் சாம்பிராணி

"அம்மா, சாம்பிராணி வந்துட்டு!"

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஆஷா நுரை வாயோடு உள்ளே ஓடிவந்தாள். ரோஸ்மேரி பதறிப்போய்ச் சோற்றுப் பானையை மூடினாள். பானைக்குள் அரிசியோடு அரிசியாக ஒரு முட்டை வெந்துகொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுட்டி. வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டுரப் போவுது."

வெளியே தூபக்காலோடு நின்றிருந்தாள் வீட்டுக்காரம்மா மருதம்மாள். முன்பெல்லாம் செவ்வாய், வெள்ளிக்கு மட்டும்தான் சாம்பிராணி. இந்த வீட்டில் முட்டை வேக ஆரம்பித்த மறுநாளில் இருந்து தினமும் போடுகிறாள். அதுவும் தன் வீட்டு வாசலுக்குப் பேருக்கு ஒரு சுற்று. ரோஸ்மேரி வீட்டு வாசலில் கண் எரிகிற அளவுக்குப் புகை.

நேராகச் சொல்ல மனசு வராமல் புகை போட்டுக் குத்திக்காட்டுகிறாள் என்றே ரோஸ்மேரி நினைத்தாள்.

நல்லூரில் இந்த லைன் வீட்டுக்குக் குடிவந்த அன்றே, வீட்டுக்காரர் ஆறுமுகசாமி ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். குழந்தை வரம் வேண்டிப் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டு, மகள் வினிதா பிறந்த நாளில் இருந்து அசைவத்தைத் தொடாதவர் அவர்.

"காம்பவுண்டுக்குள்ள கறி, மீனு, முட்டை ஒண்ணும் ஆகாதுங்க. மத்தபடி உங்க ஊடு மாதிரி இருந்துக்குங்க."

சாத்தான்குளத்தில் இருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பம். ரோஸ்மேரிக்கும் அவள் கணவன் அந்தோணிராஜுக்கும் பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கும்வரை மருதம்மாள்தான் சோறு போட்டாள். நல்ல தண்ணி வருகிற நாளில் முதல் குடம் இன்றைக்கும் இவர்களுக்குத்தான். அந்த மகராசியைப் போய் ஏமாற்றுகிறோமே என்று ரோஸ்மேரிக்கு உறுத்தாத நாளில்லை.

ஆனால் ஆஷாவின் காலை நினைத்தால் வேறு வழியும் தெரியவில்லை. பள்ளிக்கூட ரிலே டீமில் ஓடுகிறவள், ஒருநாள் முழங்காலுக்குக் கீழே வலி தாங்காமல் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பி.டி. டீச்சர் ஞானாம்பாள்தான் ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"எலும்புல இன்னும் விரிசல் விழலை. சாப்பிடாம இப்படியே ஓடினா விழுந்துரும்" என்றார் டாக்டர். வலி போகும்வரை ஓய்வு. அப்புறம் பால், கீரை, பயறு, முட்டை. சத்தில்லாத பிள்ளையை ஓடவிட மாட்டேன் என்று டீச்சரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது கால் தேறி, ஆஷா மறுபடியும் ஓடுகிறாள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி.

ஆஷா முட்டையை டிபன் பாக்ஸில் ஒளித்துக் கொண்டுபோய், பயிற்சி முடிந்ததும் மைதானத்தில் சாப்பிடுவாள். அங்கேயே உரித்து ஓட்டைத் தூரப் போடாமல், அசடு மாதிரி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். மைதானத்தில் குப்பை போட்டால் டீச்சர் திட்டுவாராம். ரோஸ்மேரி அதைப் பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் பொதிந்து, கம்பெனிக்குப் போகிற வழியில் வீசிவிடுவாள்.

"போயிட்டு வாரேம்மா!" என்று ஆஷா கிளம்பினாள். கேட் அருகே வினிதா காத்திருந்தாள். இருவரும் ஒரே டீம்தான்.

ரோஸ்மேரி கம்பெனிக்குக் கிளம்பும்போது மருதம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு பனியன் அட்டைப்பெட்டி. கதவைச் சாத்திவிட்டு மறு கையை விரித்துக் காட்டினாள்.

முட்டை ஓடு.

"கொழாயடில கெடந்துச்சு. எங்கூட்டுக்காரரு பாத்துப்போட்டாரு."

ரோஸ்மேரி தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி வைத்தாள்.

"அக்கா... தப்பு என் மேலதான். பிள்ளை கால் போயிருமோன்னு பயந்துட்டேன். நீங்க போட்ட சோத்தைத் தின்னுட்டு உங்களையே ஏமாத்திட்டேன். வேற வீடு பாத்துக்கிடுதோம்க்கா. போட்டி முடியுத வரைக்கும் மட்டும் பொறுத்துக்கிடுங்க. இங்கேருந்து போயிட்டா அவளால பிராக்டிஸுக்கு வர முடியாது."

"நீ எதுக்குப் போகோணும்? காக்கா கொண்டாந்து போட்டுருக்கும்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்."

ரோஸ்மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மருதம்மாளின் கண்கள் கலங்கியிருந்தன.

"என்ற புள்ள ஓடிட்டு வந்தா கண்ணு இருட்டுதுன்னு செவுத்தப் புடிச்சிட்டு நிப்பா. இப்ப அந்த மயக்கமே இல்ல கண்ணு. மொத நாள்ல இருந்து உன்ற புள்ள முட்டையில பாதிய இவளுக்குக் குடுத்துட்டிருக்குது. அன்னைக்கே வினிதா எங்கிட்டச் சொல்லிப்போட்டா."

"ஆஷாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"கால் நோவுல இருந்து தேறி வர்ற புள்ளையோட பங்கை என்ற புள்ள திங்குதேன்னு எனக்கும் மனசு கேக்குல. நேந்துக்கிட்டது அவரு. புள்ள வவுறு என்ன பண்ணும், சொல்லு?"

மருதம்மாள் அட்டைப்பெட்டியைத் திறந்தாள். பனியன் இல்லை. வெள்ளை வேஸ்ட் துணிக்கு நடுவில், உடையாமல் பொதிந்து வைத்த முட்டைகள்.

ரோஸ்மேரி கையெடுத்துக் கும்பிடப் போனாள். அதற்குள் மருதம்மாள் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"உன்னைய நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் கண்ணு. நாளையில இருந்து ரெண்டாப் போட்டு அவி. வாசம் அவரு மூக்குக்குப் போகாம, எப்பவும் போல நான் சாம்பிராணி போட்டுக்கறேன்."